பெறுநர்: மேலே இருப்பவர்

ஆண்டவனுக்கு மனு எழுதி, அதற்கு ஆபீஸில் சீல் குத்திய ரசீதும் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான்; அவர் எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர். ரயில் இல்லாத ஊர் என்று யாராவது எங்களை இளக்காரமாகப் பேசினால் நான் இதைத்தான் எடுத்து வீசுவேன். "உங்க ஊருக்கு ரயில் வருதுங்க, ஒத்துக்கறேன். உங்க ஊர்லேருந்து மேல ஏதாவது போவுதா?"

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. எங்களுக்கு அவர் 'திங்கக்கிழமை'. மற்ற ஆறு நாளும் வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பார்ப்பார். மனு வாங்கும் நாளான திங்கட்கிழமை மட்டும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, பெரிய ஆபீஸ் வாசலில் புங்க மரத்தடியில் மடக்கு மேஜையை விரித்துவிடுவார். எழுத வராதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். கூலி ஒரு டீ. விவகாரம் பங்காளிச் சண்டையாக இருந்தால் டீயோடு ஒரு வடை. எந்த ஆபீஸ் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்து அவர்கள் தயவில் பிழைக்கிறவன் நான்.

அவர் எழுதியதெல்லாம் நகல் எடுக்க என்னிடம்தான் வந்தாக வேண்டும். ஆகவே நான் படிக்காத மனு கிடையாது.

பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதிய எல்லோருக்கும் மனுவின் லட்சணம் தெரியும். முதலில் அனுப்புநர், அப்புறம் பெறுநர். பெறுநர் என்ற இடத்தில் அதிகாரியின் பதவியைப் போடுவது உலக வழக்கம். திங்கக்கிழமை இப்படிப் போடுவார்:

பெறுநர்: மேலே இருப்பவர்.
வழி: அலுவலகத் தலைவர் அவர்கள்.

முதல் முறை பார்த்தபோது எனக்கு மெஷினை நிறுத்திவிட்டு ஓடலாம் போலிருந்தது. "என்னண்ணே இது? பெரிய சாரை வெறும் வழியாக்கிப்புட்டீங்க?"

"தம்பி, வாத்தியாரு லீவு வேணும்னா கல்வி அதிகாரிக்கு எழுதறாரு. ஹெட்மாஸ்டர் வழியாத்தான் அனுப்பறாரு. அதுக்கு ஹெட்மாஸ்டர் கோவிச்சுக்கறாரா?"

மெஷினை மறுபடி ஓட விட்டேன். நகல் எடுத்துக் கொடுத்தேன்.

பெரிய சார்கள் வந்தார்கள், போனார்கள். நல்லவர் ஒருவர் மாற்றலாகிப் போனால் எங்கள் தெருவே மூக்கைச் சிந்தும். அடுத்து வருகிறவர் சிடுமூஞ்சி என்று சேதி வந்தால் டீக்கடை பெஞ்சு கூட நடுங்கும். திங்கக்கிழமை மட்டும் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருப்பார். "வழிதான் தம்பி மாறுது. பெறுநரு எங்கயும் டிரான்ஸ்பர் ஆவல."

தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளர் ஆள் அம்போடு மரத்தடிக்கு வந்து, "நான் ஜெயிச்சா உங்களுக்கு இங்க ஒரு ஷெட்டு போட்டுத் தரேன் பெரியவரே" என்றார். இவர், "நீங்க ஜெயிக்கறதும் தோக்கறதும் மேல கையெழுத்தாயிருக்கும். வெயில்ல கருகாதீங்க, உக்காந்து ஒரு டீ குடிங்க" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார். வேட்பாளர் டீ குடித்தார். தோற்றார். ஒரு வாரம் கழித்துத் தனியாக வந்து, "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "யாரு ஜெயிப்பாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? யாரு கையெழுத்துன்னு மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லி, அன்றைக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எதற்கும் நிற்கவில்லை. மரத்தடியில் வந்து உட்காருவதோடு சரி.

இப்படிப் பேசுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஓட்டுப் போட வரிசையில் முதல் ஆள் அவர்தான். "மேல கையெழுத்தாயாச்சு, அப்புறம் நீங்க எதுக்கண்ணே அடிச்சுப் புடிச்சு நிக்கறீங்க?" என்று மடக்கினேன்.

"கையெழுத்து அவரு போடுவாரு. பேனாவை யாரு தம்பி நீட்டறது?"

என் கடைக்குக் கூடுதல் மின்சாரம் கேட்டு எழுதித் தந்ததும் அவர்தான். மின்சார ஆபீஸில் இருந்தவர் முதல் வரியைப் படித்துவிட்டு, "யாருய்யா இவரு, மாடியில குடியிருக்கறவரா? கதவு எண் போடலியே?" என்றார். கூட வந்திருந்த அண்ணன் பணிவாகச் சொன்னார்: "அவருக்கு வூடு எல்லாத் தெருவுலயும் இருக்குங்க. எந்த நம்பரைப் போடறது?" ஜெயங்கொண்டத்துப் பையன் ஒருவன் காதல் கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்தான். அதற்கும் அதே பெறுநர்தான். வழி, பெண்ணின் தகப்பனார். முந்திரிக்காட்டுக்காரரான அந்தத் தகப்பனார் கத்தியோடு வரப்போகிறார் என்று நான் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தேன். அவர் முந்திரிப்பருப்பும் கல்யாணப் பத்திரிகையும் கொண்டுவந்தார். "இம்புட்டு மரியாதையா எவனும் என்னைக் கேட்டதில்லீங்க" என்றார்.

இன்னொரு கொள்கையும் உண்டு. மனுவின் தலையில் 'அவசரம்' என்று எழுத மாட்டார். ஜனங்கள் கெஞ்சுவார்கள். "அவருக்குப் போயி நேரம் சொல்லிக் குடுக்கறதா?" என்பார்.

இந்த மனிதரை ஒரே ஒரு நாள் தலைகுனிந்து நிற்க நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பச்சைமலை அடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து மலர்க்கொடி என்ற பெண் மனு எழுத வந்தாள். அவள் ஊருக்குள் வந்துகொண்டிருந்த சாயங்கால பஸ் நின்றுபோயிருந்தது. பதினோராவது படிக்கும் மகள் மெயின் ரோட்டில் இறங்கி, நாலு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் நடந்து வீடு சேர வேண்டும். "படிச்ச வரைக்கும் போதும், காலாண்டுப் பரீட்சையோட நிறுத்திப்புடுவேன்னு அவரு நிக்கறாருங்க" என்று கணவனைப் பற்றிச் சொல்லி அழுதாள். அண்ணன் எழுதினார். வழக்கமான பெறுநர், வழக்கமான வழி.

பழைய கிளார்க்காக இருந்தால் முதல் வரியைத் தாண்டி இரண்டாவது வரிக்குப் போயிருப்பார். அந்த வாரம்தான் மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். பெறுநர் எந்தத் துறை என்று பட்டியலில் ஒன்றைத் தொட வேண்டும். பட்டியலில் மீன் உண்டு, மாடு உண்டு, மேலே இருப்பவர் இல்லை. பாவம், யோசித்துப் பார்த்து, இருப்பதில் பொருத்தமானதைத் தொட்டுவிட்டாள். மனு, கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸுக்குப் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து மலர்க்கொடி கையில் பதிலோடு வந்தாள். 'தங்கள் மனுவில் கோயிலின் பெயர் குறிப்பிடப்படவில்லை. நேரில் விசாரிக்கப்படும்.'

"நான் பஸ்ஸு கேட்டேன், கோயிலு கேட்டனா?" மரத்தடியில் நின்று அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பியது. "பரீட்சைக்கு ரெண்டு வாரந்தான் கெடக்கு. ஒங்க சாமிக்கு எழுதி எம் புள்ள படிப்பைக் கெடுத்துட்டீங்களே!"

எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் அன்று தலையைக் குனிந்துகொண்டார். நான் கடையை விட்டு இறங்கிப் போய்க் காதோடு சொன்னேன்: "அண்ணே, இந்த ஒரு தடவை நேரா பெரிய சாருக்கே எழுதிடுங்க. புள்ள வாழ்க்கைண்ணே."

வெள்ளைத் தாளை எடுத்தார். 'பெறுநர்: அலுவலகத் தலைவர் அவர்கள்' என்று எழுதினார். அதற்கு மேலே ஒரு வரி அளவு இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். மலர்க்கொடி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அவசரம்னு போடுங்க" என்றாள். "போட்டுக்கலாம் தாயி. இப்பக் கீழதான எழுதறோம்" என்று அதையும் போட்டார். அன்றைக்கு அவருக்கு டீ இறங்கவில்லை. ஆறிப்போன டீயை ஆபீஸ் வாசலில் மேயும் ஆடு வந்து குடித்தது.

அதே வாரம் கோயில் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி, பேர் தெரியாத அந்தக் கோயிலைத் தேடிக் கிளம்பினார். பைக் ரிப்பேர், பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில் இறங்கினார். ஊருக்குள் போகும் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று நின்றவரைப் பார்த்து, கூட இறங்கிய பள்ளிக்கூடப் பெண்கள் சிரித்தார்களாம்.

"சார், அந்த பஸ்ஸு வந்தா எங்களுக்கும் ஒரு சேதி சொல்லுங்க."

அவர்களோடு நடந்தார். நாலு கிலோமீட்டர். வழியில் ஒரு நாய் துரத்தியது, ஒரு சாரைப் பாம்பு குறுக்கே போனது, ஒரு கால் ஷூ வாயைப் பிளந்தது. புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட நடந்ததில் மலர்க்கொடியின் மகளும் ஒருத்தி. இருட்டிக்கொண்டு வரும்போது ஊர் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பிப் போகவும் பஸ் இல்லை. மலர்க்கொடியின் புருஷன்தான் பக்கத்து வீட்டு பைக்கை இரவல் வாங்கி அவரைக் கொண்டுபோய் மெயின் ரோட்டில் விட்டான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மறுநாள் அவர் எழுதிய அறிக்கைக்கு நகல் எடுத்தவன் நான். வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. 'மனுவில் கண்ட ஊரில் நமது துறையைச் சேர்ந்த கோயில் ஏதும் காணப்படவில்லை. பஸ்ஸும் காணப்படவில்லை. பள்ளி மாணவிகளுடன் நடந்து சென்று இதை அறிந்தேன். எனது இடது கால் ஷூ சேதமடைந்துள்ளது.' பெரிய சாருக்கு ஒன்று, பஸ் டெப்போவுக்கு ஒன்று என்று இரண்டு நகல். ஷூவுக்காக அந்த மனிதர் இரண்டு இடத்திலும் நேரில் போய் நின்றிருக்கிறார்.

காலாண்டுப் பரீட்சை தொடங்குவதற்கு முன்னால் சாயங்கால பஸ் ஊருக்குள் வந்துவிட்டது. 'அவசரம்' போட்ட மனு அப்போதும் பரிசீலனையில்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மலர்க்கொடி வந்தாள். மேஜைக்கு முன்னால் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, ஒரு மனு எழுதணும்."

"என்ன தாயி பொருள்?"

"நன்றின்னு போடுங்க. அந்த மொத வரியை விட்டுப்புடாதீங்க."

அண்ணனுக்குக் கண் மங்கித் தாளில் எழுத்து தெரியவில்லை. கண்ணைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். "புங்கம்பூ விழுந்துடுச்சு" என்றார். புங்கம் பூக்கிற மாதமா அது? நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, "ஜெயிச்சுட்டீங்கண்ணே" என்றேன்.

"நானா? நான்தான் தம்பி அன்னிக்கு ஒரு வரியை விட்டேன். அவரு விடல."

அன்று அந்த நன்றி மனுவுக்கு ஆபீஸில் சீல் குத்தி ரசீது கொடுத்தார்கள். கொடுத்தது அந்தப் புதுப் பெண்தான். ரசீதின் நகல் என் கடைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. பார்க்காமல் யாரையும் நான் வெளியே விடுவதில்லை.

போன மாதம் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் விழுந்திருப்பது புங்கம்பூ இல்லை, புரை என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன். மூன்று திங்கட்கிழமை மரத்தடி காலி. ஆடு மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகும். மூன்றாவது திங்கட்கிழமை ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். பெறுநர்: மேலே இருப்பவர். வழி: கண் டாக்டர் அவர்கள். பொருள்: எங்கள் திங்கக்கிழமையைத் திருப்பி அனுப்ப வேண்டுதல்.

நாலாவது வாரம் கறுப்புக் கண்ணாடியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். மனுவின் நகலைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"எல்லாம் சரி தம்பி. தலையில அவசரம்னு போட்டிருக்கியே, அதை அடிச்சுடு. அவருக்குப் போயி நேரம் சொல்லிக் குடுக்கறதா?"

பேனாவை எடுத்தேன். அப்புறம் மூடி வைத்துவிட்டேன். மூன்று வாரம் அந்தக் காலி மரத்தடியைப் பார்த்துக்கொண்டு கடை நடத்தியவன் நான். எனக்கு அவசரமாகத்தான் இருந்தது.