கடல்கன்னிக்கே பாடம் எடுத்தவர்

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. எல்லாச் சீமையிலும் விளையும் என்றாலும் கரிசல் காட்டில் மகசூல் கொஞ்சம் கூடுதல். மழைக்குக் காத்திருக்கிற நேரத்தில் மனுஷன் வேறென்ன செய்வான்? பஸ் ஏன் பிந்தியது என்று டிரைவருக்கும், வயிறு ஏன் வலிக்கிறது என்று டாக்டருக்கும், செத்தவர் எதனால் செத்தார் என்று அவர் பெண்டாட்டிக்கும் இவர்தான் எடுத்துச் சொல்வார். "அதாவது என்ன விஷயம்னா" என்று தொண்டையைச் செருமினால் போதும், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வரும்.

கோவில்பட்டிக்கு இந்த இனத்தில் கிடைத்தவர் நந்தகோபால். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சாயங்காலம் ஆனால் நூலகம். கடலைக் கண்ணால் கண்டது ஒரே தடவை, அதுவும் திருச்செந்தூர் பஸ் ஜன்னல் வழியாக. அதனால் என்ன? கடல்கன்னிகளைப் பற்றி எந்த மீனவருக்கும் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் பங்குனித் திருவிழாவுக்கு ராட்டினத்தோடும் அப்பளக் கடையோடும் ஒரு தகரக் கொட்டகை வந்து இறங்கியது. வாசலில் 'கடல்கன்னி, உயிருடன்' என்று பலகை. அன்றைக்கென்று பார்த்து நந்தகோபாலின் மகள் இந்துஜாவைப் பெண் கேட்டு, புதூர்ப் பக்கமிருந்து மாப்பிள்ளையின் அப்பா மாயகிருஷ்ணன் வந்திருந்தார். ஆடும் மானாவாரி நிலமும் உள்ள மனிதர். இருமினாலே ஆடுகள் திரும்பிவிடும் என்பதால் பேச்சு அவருக்கு அதிகம் தேவைப்பட்டதில்லை. பெண்ணைப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் பாக்கி. அதற்குள் நந்தகோபால் அவரைத் திருவிழா பார்க்கக் கிளப்பிவிட்டார்.

"இவிய அங்கன போய் வாயைத் திறக்காம இருந்தா, அம்மனுக்கு நூத்தியெட்டுத் தேங்கா உடைக்கேன்," என்று நந்தகோபாலின் மனைவி ரெங்கம்மாள் வேண்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

அம்மனுக்குத் தேங்காய் கிடைக்கவில்லை.

கண்ணாடித் தொட்டியில் இடுப்புவரை தண்ணீர். அதில் ஒரு பெண், ரெக்சினில் தைத்து ஜிகினா ஒட்டிய வாலோடு சாய்ந்து படுத்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கூட்டம் பார்த்துவிட்டு வெளியேறி அடுத்த கூட்டம் நுழைகிற இடைவெளியில்தான் அவளுக்கு ஓய்வு. நந்தகோபால் தொண்டையைச் செருமினார்.

"அதாவது என்ன விஷயம்னா சம்மந்தி, அயர்லாந்துல இவியளுக்கு ஒரு சிவப்புத் தொப்பி உண்டு. அதை ஒளிச்சு வச்சிட்டா திரும்பிக் கடலுக்குப் போக முடியாது. பேசாமக் குடும்பம் நடத்த வேண்டியதுதான்."

மாயகிருஷ்ணன் தலையாட்டினார். அது தப்பாகப் போயிற்று. நந்தகோபால் அங்கிருந்து கப்பல் ஏறிவிட்டார். ருஷ்யாவில் கிச்சுக்கிச்சு மூட்டியே ஆளைக் கொன்றுவிடும். ஜப்பானில் அதன் கறியைத் தின்ற ஒரு பெண்பிள்ளை எண்ணூறு வருஷம் சாகாமல் கிடந்து அவதிப்பட்டாள். கிரேக்கக் கடலில் ஒன்று கப்பலை மறித்து, 'அலெக்சாந்தர் ராஜா உயிரோடு இருக்காரா' என்று கேட்கும், இல்லை என்று உண்மையைச் சொன்னவன் கப்பலோடு முழுகுவான். கம்போடியாவில் ராவணன் மகளே மீனாகப் பிறந்து, அனுமார் போட்ட பாலத்துக் கல்லையெல்லாம் திருடி, கடைசியில் அனுமாரிடமே மனசைப் பறிகொடுத்தாள். கூட்டம் வாய் பிளந்து நின்றது. ஒருவரும் நகரவில்லை. சம்பளமில்லாமல் ஓர் அறிவிப்பாளர் கிடைத்த சந்தோஷத்தில் டிக்கெட்காரர் அடுத்த கூட்டத்தையும் உள்ளே விட்டார்.

தொட்டியில் இருந்தவள் நெற்றியைச் சுருக்கினாள். உதட்டைக் கடித்தாள். வாலை இப்படியும் அப்படியும் முறுக்கினாள். 'எவ்வளவு உன்னிப்பாக் கேக்குது' என்று நந்தகோபாலுக்கு உள்ளம் குளிர்ந்தது. அவளைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்.

"ஆப்பிரிக்காவுல உங்க ஆளுக கையில சீப்பும் கண்ணாடியும் வச்சிருப்பாக. எதுக்குன்னா..."

"அண்ணாச்சி," என்றது கடல்கன்னி.

கூட்டம் தொட்டியை நெருங்கியது.

"எனக்கு ஓட்டப்பிடாரம் பக்கம். பேரு சுடலைச்செல்வி. மத்தியானத்துல இருந்து ஒண்ணுக்கு அடக்கிட்டுக் கிடக்கேன். இந்த வாலைக் கழத்த ரெண்டு ஆள் வேணும். நீங்க நிப்பாட்டினாத்தான் இவிய போவாக. கொஞ்சம் வெளிய போங்க அண்ணாச்சி, புண்ணியமாப் போகும்."

சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. நந்தகோபாலுக்குக் காது இரண்டும் சுட்டன. ஆனாலும் வாய் மட்டும், "எதுக்குன்னா..." என்று தானாக இன்னொரு தடவை சொல்லிற்று.

"சாலு சம்மந்தி, சாலு," என்றார் மாயகிருஷ்ணன். போதும் என்று அவர் ஒரு மனிதரிடம் சொன்னது அதுவே முதல்முறையாக இருக்கலாம். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஓர் இருமல். மொத்தமும் வெளியே போனது.

ராட்டினத்தடியில் நந்தகோபால் பேசாமல் நின்றார். கல்யாணம் போயிற்று என்று ரெங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மாயகிருஷ்ணன் அவள் பக்கம் திரும்பினார். "அழாதம்மா. உங்க பிள்ளை எங்க வீட்டுக்குத்தான்." நந்தகோபாலைப் பார்த்தார். "நீங்க மட்டும் எது சொல்லணும்னாலும் கடுதாசியில எழுதிருங்க சம்மந்தி. நேர்ல வந்து சிரமப்பட வேண்டாம்."

நந்தகோபால் முகம் மலர்ந்தது. தம் எழுத்துக்கு இப்படி ஒரு ரசிகர் புதூரில் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! கல்யாணம் முடிந்த வாரத்திலேயே முதல் கடிதம் போனது, பத்தொன்பது பக்கம். மாசத்துக்கு இரண்டாக அப்புறமும் போய்க்கொண்டே இருந்தன.

மாயகிருஷ்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது ரெங்கம்மாளுக்குத் தெரியும், இந்துஜாவுக்குத் தெரியும், தபால்காரருக்கும் தெரியும். நந்தகோபால் கேட்டதில்லை.

இதைப் படித்ததும் உங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வந்திருக்கும். நல்லது, சிரியுங்கள். கூடவே ஒன்றை யோசித்துப் பாருங்கள்: நீங்கள் ஒருவரிடம் ஏதாவது கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தது கடைசியாக எந்த வருஷம்? பிடிபடவில்லையென்றால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

குறுக்கே பேசாமல்.