மிஸ் சுகரின் மரண அறிவிப்பைச் சுருக்கிய உன் மகள்

குவாவ், கிரெனடா
வியாழன், மத்தியானச் சாப்பாட்டை யாரும் சாப்பிடாத பிறகு

அன்புத் தங்கை வெர்னாவுக்கு அண்ணன் கத்பர்ட் எழுதுவது.

ஆண்டவர் தயவில் என் வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். ப்ரூக்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். நீ சாமான் அடைத்து அனுப்பிய பீப்பாய் வந்து சேர்ந்தது, சோப்பு நல்ல வாசனை. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் விட்டுப்போன உன் மகள் ஷெர்மாவை உடனே அழைத்துக்கொள்.

வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புப் படிக்கிறேன் என்று தலைநகரத் தொழிற்கல்லூரியில் அவள் சேர்ந்தபோது நான் தடுக்கவில்லை, டிவியில் வந்தால் எனக்கும்தானே பெருமை என்று இருந்தேன். வந்தது பெருமையா? எதிரொலி கேட்கக்கூடாதென்று என் போர்வையெல்லாம் அவள் அறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். பதிவு செய்யும்போது ஃபிரிட்ஜ் உறுமுகிறதாம், அதை நிறுத்திவிட்டு மறுபடி போட மறந்து என் மீனெல்லாம் நாறிப்போனது. என்னடி இது என்று கேட்டால், "விவரங்கள் இடைவேளைக்குப் பிறகு, மாமா" என்கிறாள். வானொலியில் மௌனம் ஆகவே ஆகாதென்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தாராம்; சாப்பாட்டு ஜெபத்தில் நான் கொஞ்சம் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியில் வானிலை சொல்கிறாள். இத்தனையும் பொறுத்தேன்.

இப்போது செய்ததைப் பொறுக்க முடியாது. பயிற்சிக்கென்று வானொலி நிலையத்துக்கு அனுப்பி, எடுத்த எடுப்பில் மரண அறிவிப்பை அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தீவில் செய்தி கேட்காதவன் இருப்பான், மரண அறிவிப்புக் கேட்காதவன் இருப்பானா? நேற்றுச் சாயங்காலம் நம் பாலத்தடி பேக்கரி மிஸ் சுகரைத் திடீரென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், ராத்திரியே போய்விட்டார். அறிவிப்பில் என்ன வர வேண்டும் என்று கட்டிலில் கிடந்தபடி அவரே சொல்லியிருந்தார், மகன் ஆல்பன் ஒரு பெயர் விடாமல் எழுதிக் கொடுத்தான். டொராண்டோ பேரன்கள், லண்டன் அக்கா, கோயில் பாடகர் குழு, மீன் சந்தைப் பெண்கள், எல்லாரும் அதில் உண்டு. உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? எதையும் முப்பது விநாடிக்குள் முடிப்பதுதான் தொழில் என்று வாத்தியார் சொன்னாராம், வெட்டிவிட்டாள். "யூலாலி மோடெஸ்ட் காலமானார். அவருக்குக் குடும்பத்தினரும் நண்பர்களும் உள்ளனர்." தீர்ந்தது.

வெர்னா, யூலாலி மோடெஸ்ட் யாரென்று இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? 'மிஸ் சுகர் என்று அழைக்கப்படும்' என்பதையும் சேர்த்தல்லவா வெட்டியிருக்கிறாள். காலையில் பேக்கரி வாசலில் ரொட்டிக்கு நின்றவர்கள் ரேடியோவில் அதைக் கேட்டு, "பாவம், யாரோ யூலாலியாம்" என்று சிலுவை போட்டுக்கொண்டு, "மிஸ் சுகர் இன்னைக்கு என்ன இவ்ளோ நேரம் தூங்குறாங்க" என்று கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் ஊரே என் வீட்டுக்கு வந்துவிட்டது, பெண் என் வீட்டுப் பெண்ணாயிற்றே. பாடகர் குழுத் தலைவி பிலோமின் உட்காரக்கூட இல்லை. "இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு பாடினவ நான். இப்ப 'நண்பர்களும்'ல நானும் ஒருத்தியா, கத்பர்ட்? அடக்கத்துக்கு யாரை வேணா பாடச் சொல்லிக்கோங்க" என்று போய்விட்டாள்.

மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினாள் உன் மகள்.

"மாமா, பேரு மட்டுமே நாலு நிமிஷம் ஓடுது. கேக்கறவங்க வேற ஸ்டேஷன் மாத்திடுவாங்க."

"எவன்டி மாத்துவான்? தன் பேரு வருமான்னு காத்துட்டு இருக்கிறவன் மாத்துவானா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எனக்காகக் கோபப்படுகிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்கென்ன. கடைசி வரியில் 'நெருங்கிய தோழர் கத்பர்ட் நோயல்' என்று அம்மா போடச் சொன்னார் என ஆல்பன் நேற்றே என்னிடம் சொன்னான், அவ்வளவுதான். ஞாயிறுதோறும் என் வேனில் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு தடவை கல்யாணத்துக்குக் கேட்டேன். ஒரு தடவை ஜாதிக்காய் அறுவடை முடியட்டும் என்றார், இன்னொரு தடவை கார்னிவல் முடியட்டும் என்றார். பக்கத்து வீட்டு லெனாக்ஸ் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன அண்ணே, டிரைவர் வேலை எப்படிப் போகுது?" என்பான். இன்று காலை வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, அவனுக்கும் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து, ரேடியோவைச் சத்தமாக வைத்து உட்கார்ந்திருந்தேன். நண்பர்களும் உள்ளனர். லெனாக்ஸ் எட்டிப் பார்த்தான், கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடக்கத்தன்று நான் எந்த வரிசையில் உட்காருவது, வெர்னா? டிரைவருக்கென்று கோயிலில் தனி பெஞ்சு கிடையாது. அழக்கூட எனக்கு உரிமை இல்லாமல் செய்துவிட்டாள்.

இதெல்லாம் அவளிடமும் கத்தித் தீர்த்தேன். சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள். ஆகவே டிக்கெட் அனுப்பு. அமெரிக்காவில் எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கட்டும், அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உங்கள் இருவர் தலைமேலும் ஆண்டவர் கை இருக்கட்டும், வீட்டு ஹீட்டர் பழுதாகாமல் இருக்கட்டும்.

கோபம் தணியாத அண்ணன்,
கத்பர்ட் நோயல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் சாயங்கால அறிவிப்பு நேரம் வந்துவிட்டது. நான் ரேடியோவைத் தொடவில்லை. லெனாக்ஸ்தான் தன் ஜன்னலைத் திறந்து சத்தத்தைக் கூட்டினான். ஷெர்மா குரல். 'மிஸ் சுகர் என்று அழைக்கப்படும்' என்று தொடங்கி, கல்லூரிப் பேச்சை விட்டு நம் பேச்சிலேயே, ஒரு பெயர் விடாமல் வாசித்தாள். பிலோமின் பெயரை இரண்டு தடவை சொன்னாள், யாரோ மிரட்டியிருக்க வேண்டும். கடைசியில் என் பெயர். அதற்குப் பிறகு பாட்டு இல்லை, விளம்பரம் இல்லை. மௌனம் ஆகாதென்று படித்த பெண், என் பெயருக்குப் பின் ஒன்றும் பேசாமல் இருந்தாள். அவள் மூச்சு மட்டும் கேட்டது. லெனாக்ஸ் ஜன்னலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அந்த மௌனத்துக்குக் கல்லூரியில் மதிப்பெண் குறைப்பார்கள், அவளுக்கு அது தெரியும். டிக்கெட் வேண்டாம். அடுத்த பீப்பாயில் நாலு போர்வை வை. என்னுடையது சுவரிலேயே இருக்கட்டும்.