ஏரி அண்ணை

நம்முடைய ஆட்கள் லண்டனில் வந்து குடியேறிய பிறகு இங்கே சில புதிய இனங்கள் தோன்றியிருக்கின்றன. எந்தக் கலியாண வீட்டிலும் உப்புப் பார்க்கவென்றே நியமிக்கப்பட்டவர்போல நேரே அடுப்படிக்குள் நுழைபவர் ஒரு இனம். யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் அந்த வருத்தம் தனக்கு முன்பே வந்து போய்விட்டது என்பவர் இன்னொரு இனம். இவர்களையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். நான் சொல்ல வந்தது இன்னும் யாரும் ஆராயாத ஒரு பிராணியைப் பற்றி. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ஏரி அண்ணை.

ஆள் நடமாட்டமில்லாத தூரத்து ஏரிகளில் வள்ளம் விட்டு, கரையில் கூடாரம் அடித்து, தூண்டில் போட்டு, பிடித்த மீனைப் பிடித்த இடத்திலேயே சுட்டுச் சாப்பிடுவதுதான் மனிதப் பிறவியின் பயன் என்று, ஹீற்றர் எரியும் முன்னறையில் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு சொல்பவர் ஏரி அண்ணை. அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பிறந்தநாள் விழாவில் எல்லோரும் ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் தன்னுடைய ரோல்ஸைக் கையில் வைத்து அனுதாபத்தோடு பார்ப்பார். "உதென்ன ஐசே சாப்பாடு? ஏரிக்கரையில நிண்டு சாப்பிட்டுப் பாரும்!" என்பார். பிறகு நாலு ரோல்ஸ் சாப்பிடுவார். கார் நிறுத்துமிடத்தில் இறங்கியதும் சுட்டுவிரலை நாக்கில் நனைத்துக் காற்றில் பிடித்து, "மேற்கால வருது" என்பார். எது மேற்கால வருகிறது, வந்து யாருக்கு என்ன செய்யப்போகிறது? யாரும் கேட்பதில்லை. பையில் எந்நேரமும் ஒரு திசைகாட்டி இருக்கும். அதைப் பார்த்து அவர் ஒருமுறையாவது வெம்பிளிக்கு நேராகப் போய்ச் சேர்ந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

கிங்ஸ்பரியில் எங்களுக்கு வாய்த்த ஏரி அண்ணையின் பெயர் தில்லையம்பலம். எண்பத்து நாலாம் ஆண்டு தன்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர்களுடன் ஸ்கொட்லாந்தில் ஒரு ஏரிக்குப் போய் வந்தவர். ஒரே ஒரு முறை. அதற்குச் சான்றாக அவருடைய முன்னறையில், சாமிப் படங்களுக்குச் சற்றுக் கீழே, ஒரு புகைப்படம் தொங்குகிறது. முழங்கை நீளத்தில் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தில்லை அண்ணை சிரிக்கிறார். மீனைப் பிடித்தவன் படமெடுத்த வெள்ளைக்காரன் என்பதையும், அந்த மூன்று நாளும் அண்ணை வள்ளத்தின் நடுவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார் என்பதையும் அவருடைய மனைவி அருள்நாயகி அக்கா எனக்குச் சொன்னது அடுப்படியில். அடுப்படியில் சொல்லப்படும் உண்மைகள் முன்னறைக்குப் போவதில்லை. லண்டன் வீடுகளில் இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கதவுதான், ஆனாலும் போவதில்லை.

எல்லா ஏரி அண்ணைகளுக்கும் ஒரு நாள் சோதனை வரும். ஆட்கள் அவரை நம்பிவிடுவார்கள்.

எங்கள் தில்லை அண்ணைக்கு அது தொண்ணூற்றோராம் ஆண்டு மே மாதம் வந்தது. பாங்க் ஹொலிடே திங்கட்கிழமையோடு சேர்த்து நாலு நாள் பயணம். ஒரு வான் வண்டி, ஐந்து பேர். அண்ணை, அருள்நாயகி அக்கா, அக்காவுக்குத் துணையாக நான். கணக்காளர் குலசேகரம். ஐந்தாவது ஆள் யோகராஜா. அகதியாக வந்து, அங்கே இங்கே என்று அலைந்து, அந்த மாதம்தான் பெற்றோல் அடிக்கும் ஒரு செட்டில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது அவனுக்கு. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவன்தான் கதவைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் திறப்பதற்கு இன்னொருவன் வரிசையில் நிற்கிறான் என்று முதலாளி சொல்லித்தான் லீவு கொடுத்திருந்தார்.

"அண்ணை, செவ்வாய் ஆறு மணி," என்றான் யோகராஜா, வானில் ஏறும்போது.

"திங்கள் பின்னேரமே நீர் உம்மட கட்டிலில படுத்திருப்பீர். பயப்பிடாதையும், நான் இருக்கிறன்."

இந்த "நான் இருக்கிறன்" என்ற வசனத்தை யாராவது சொல்லக் கேட்டால், தயவுசெய்து வாகனத்தை விட்டு இறங்கிவிடுங்கள்.

ரின்னில் அடைத்த மீன், கருவாடு, முட்டை எதுவும் கொண்டுவரக்கூடாது என்பது அண்ணையின் கட்டளை. ஏரியில் மீன் இருக்கும்போது மீனைக் காவிக்கொண்டு போவது ஏரியை அவமதிப்பதாம். அரிசி, தேங்காய்ப்பால் மா, மிளகாய்த்தூள், புளி. இவ்வளவும் போதும், மிச்சம் தண்ணீருக்குள் இருக்கிறது என்றார். அருள்நாயகி அக்கா தலையாட்டினார். ஆனால் அவருடைய படுக்கைச் சுருள் மட்டும் மற்றவர்களுடையதைவிடப் பாரமாக இருந்தது. தூக்கியபோது உள்ளே ஏதோ ரின்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

ஏரி அழகானதுதான். அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மலைகளுக்கு நடுவில், வீடு இல்லை, ரோட்டு இல்லை, கரையில் எங்களைத் தவிர ஒரு மனிதப் பிறவி இல்லை. வாடகைக்கு எடுத்த இரண்டு வள்ளங்களில் சனிக்கிழமை அக்கரைக்குப் போய்க் கூடாரம் அடித்தோம். வான் இக்கரையில், அதைப் பூட்டிய திறப்பு அண்ணையின் சட்டைப் பையில். இரண்டு நாளும் அண்ணை தூண்டிலோடு நின்றார். இரண்டு நாளும் மீன் வேறெங்கோ நின்றது.

"குலம், நீர் சிவப்புச் சட்டை போட்டிருக்கிறீர். மீனுக்கு நிறம் தெரியும்."

குலசேகரம் சட்டையை மாற்றினார்.

"பிள்ளை, நீங்கள் சட்டி கழுவுற சத்தம் தண்ணிக்குள்ள நல்லாய்க் கேக்கும்."

நான் சட்டி கழுவுவதை நிறுத்தினேன்.

"யோகராஜா, நீர் என்ன ஐசே, வேலை வேலையெண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறீர்? அந்த யோசினை தூண்டில் வழியாப் போகும்."

யோகராஜா யோசிப்பதையும் நிறுத்தப் பார்த்தான். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் மட்டும் எந்த நிபந்தனையும் இல்லாமல் வந்து எங்களைச் சாப்பிட்டன. இரவு அருள்நாயகி அக்கா படுக்கைச் சுருளை அவிழ்த்தார். மீன் ரின் குழம்பு. அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிறு பின்னேரம் யோகராஜாவின் சின்ன ரேடியோ சொன்னது: நாளை காலை அமைதியாக இருக்கும், பத்து மணிக்குப் பிறகு பலத்த காற்று. எல்லோரும் கேட்டோம். அண்ணையும் கேட்டார். விரலை நனைத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரேடியோவும் சரியாத்தான் சொல்லுது," என்று ரேடியோவை மெச்சினார்.

திங்கள் விடியற்காலையே யோகராஜா எழும்பி, அண்ணை படுத்திருந்ததைத் தவிர மற்றக் கூடாரங்களைச் சுருட்டிவிட்டான். தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. அண்ணை எழும்பி, பல் தீட்டி, தேத்தண்ணீர் குடித்து, இன்னொரு தேத்தண்ணீரும் குடித்து, வள்ளத்தடிக்கு வந்தார். யோகராஜா மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வள்ளத்துக்குள் ஏறி இருந்தான்.

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். "என்ன கிழமை இண்டைக்கு?"

"திங்கள்."

"ஏழரை ஆகுது. ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம். இறங்கும் தம்பி, இறங்கும்."

திசைகாட்டி, வரைபடம், விரல் என்று விஞ்ஞானமாகப் பேசிவந்த மனிதர். ஆனால் ராகு வேறு இலாகா.

"அண்ணை, பத்துக்குக் காத்து வருமெண்டு ரேடியோவில சொன்னது."

"ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில ஒரு மணித்தியாலம் கிடக்கு. அவசரப்படாதையும்."

அருள்நாயகி அக்கா பானையைச் சாக்கில் போட்டபடியே கேட்டார். "லண்டனில இருந்து வெளிக்கிட்டது வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. அது ராகுகாலமில்லையோ?"

"அது வான். வானுக்கு நாலு சில்லு இருக்கு."

அக்கா சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார்.

குலசேகரம் யோகராஜாவுக்கு உதவ நினைத்தார். கணக்காளர் இல்லையா, கணக்கால் உதவினார். "தில்லை அண்ணை, உது ஊர் நேரம். இஞ்ச மார்ச் கடைசியில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவங்கள். அந்தக் கணக்குப்படி ராகுகாலம் எட்டரைக்குத்தான் தொடங்கும். இப்ப வெளிக்கிட்டால் அதுக்கு முன்னம் வான் நிக்கிற கரைக்குப் போயிடலாம்."

அண்ணை விரல்விட்டு எண்ணினார். "அப்ப எட்டரையிலிருந்து பத்து?"

"ஓம்."

"கலண்டரில ஏழரையிலிருந்து ஒன்பது. உம்மட கணக்கில எட்டரையிலிருந்து பத்து. எது சரியெண்டு ஆருக்குத் தெரியும்? ரண்டையும் விடுவம். பத்துக்கு வெளிக்கிடுவம்."

"மணிக்கூட்டைத் தள்ளினதை ராகுவுக்கு ஆர் அண்ணை போய்ச் சொன்னது?" யோகராஜா துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்.

"அதைத்தான் ஐசே நானும் சொல்லுறன். தெரியாத விஷயத்தில விளையாடக் கூடாது."

குலசேகரம் தன் கணக்கை நினைத்துத் தலையைச் சொறிந்தார். ராகுவில் நம்பிக்கையா என்று தனித்தனியே கேட்டால் நாங்கள் எல்லோரும் சிரித்திருப்போம். ஆனால் தண்ணீருக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லியும் விட்ட பிறகு, முதலில் காலை வைப்பவர் யார்? வானின் திறப்பு வேறு அண்ணையின் பையில். கண்ணாடி போன்ற தண்ணீரை இரண்டரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தோம். யோகராஜா வள்ளத்தை விட்டு இறங்கவே இல்லை. கரையில் கட்டிய வள்ளத்துக்குள், துடுப்பைப் பிடித்தபடி இருந்தான்.

பத்து மணிக்கு நாங்கள் வெளிக்கிட்டோம். காற்றும் வெளிக்கிட்டது.

பாதி ஏரி போனபோது வள்ளங்கள் எங்கள் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டன. யோகராஜா கையில் தோல் கிழியத் தண்டு வலித்தான். பலனில்லை. காற்று எங்களை ஏரியின் கடைக்கோடிக்குத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு சேற்றுக் கரையில் ஒதுக்கியது. அங்கிருந்து வான் நிற்கும் இடத்துக்கு நடக்கவும் வழியில்லை, முழுவதும் சதுப்பு.

"நான்தான் இஞ்சால திருப்பினனான்," என்றார் அண்ணை, தாடி வழியே தண்ணீர் வடிய. "காத்தோட மல்லுக்கட்டக் கூடாது."

"திருப்பினதோ?" என்றார் அருள்நாயகி அக்கா. "துடுப்பு உங்கட மடியிலயெல்லோ கிடந்தது."

கவிழ்த்த வள்ளங்களின் கீழ் பின்னேரம் வரைக்கும் குந்தியிருந்தோம். காற்று அடங்கிப் பொழுதுபடும் நேரத்தில்தான் வானடிக்குப் போக முடிந்தது. வழியில் ஒரு போன் பெட்டியில் நிறுத்தச் சொல்லி யோகராஜா கேட்டான். "நிண்டால் இன்னும் பிந்தும்" என்றார் அண்ணை. பிறகு தனக்குச் சிறுநீர் வந்தபோது நிறுத்தினார். அதற்குள் விடிந்து ஆறு மணி தாண்டியிருந்தது. யோகராஜா அங்கிருந்த போனில் முதலாளியோடு பேசிவிட்டு வந்து தன் இடத்தில் இருந்தான். அவனாகவே சொன்னான்:

"வேற ஆளைப் போட்டாச்சாம்."

பிறகு தில்லை அண்ணை பெருமூச்சு விட்டார். "வேலை என்ன தம்பி, வேலை. உயிரெல்லோ பெரிசு. பத்து மணிக்கு வெளிக்கிட்டே இந்தப் பாடு. ராகுகாலத்தில வெளிக்கிட்டிருந்தால்? ஒருத்தரும் மிஞ்சியிருக்கமாட்டம்."

இதுதான் இந்த இனத்தின் உச்சக்கட்டத் திறமை. தங்களால் வந்த அழிவையே தங்களுடைய தீர்க்கதரிசனத்துக்குச் சாட்சியாக நிறுத்திவிடுவார்கள்.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு பிறந்தநாள் விழா. நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நிற்கிறேன். தில்லை அண்ணையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அவர் சொன்ன கதையில் அலை இப்போது ஆளுயரத்துக்கு எழுந்திருந்தது. மீன் ரின்னைப் பற்றிப் பேச்சே இல்லை. "எல்லாரும் வெளிக்கிடுவம், வெளிக்கிடுவம் எண்டு நிண்டவை. நான்தான் மறிச்சனான்," என்றார். இல்ஃபோர்டில் இருந்து வந்திருந்த ஒருவர், ஓரமாக நின்ற யோகராஜாவைப் பார்த்தார். மாதக்கணக்காக வேலை தேடி, கடைசியில் இரவு ஷிப்டில் ஒரு மூலைக் கடையில் ஒதுங்கியிருந்தான் அவன்.

"தம்பி, நீரும் அந்தப் பயணத்தில போனனீரோ?"

எல்லோரும் திரும்பினார்கள். தில்லை அண்ணையின் வாய் திறந்தபடியே நின்றது. அருள்நாயகி அக்கா அடுப்படிக் கதவில் வந்து நின்றார். நான் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தேன். சொல்லட்டும், இன்றைக்காவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

யோகராஜா கூட்டத்தைப் பார்த்தான். ஏழெட்டு முகங்கள். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து இத்தனை பேர் ஒன்றாக அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

"ஓம்," என்றான். நிமிர்ந்தான். "தில்லை அண்ணை மறிச்சது உண்மைதான். ஆனா காத்து வரப்போகுதெண்டு முதல்ல கண்டுபிடிச்சது நான்."

"அப்படியோ!" என்றார் இல்ஃபோர்ட்காரர். "எப்பிடி?"

"தண்ணியின்ர நிறத்தைப் பார்த்து."

அடுத்த மே மாதம் இல்ஃபோர்டில் இருந்து ஒரு வான் ஸ்கொட்லாந்துக்குப் போனது. முன் ஆசனத்தில் யோகராஜா. தில்லை அண்ணை போட்ட நிபந்தனைகளைவிட இரண்டு நிபந்தனை கூடுதலாகப் போட்டானாம். அதில் போன ஒருவருக்குத் திரும்பி வரும் நாளுக்கு மறுநாள் காலை கவுன்சிலில் வேலைக்கு நேர்முகமாம். போய்ச் சேர்ந்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு நீந்தத் தெரியாது, குளிர் ஒத்துவராது, வள்ளத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு இந்த நோய் தொற்றாது என்று நினைக்கிறீர்கள். நல்லது. ஆனால் இவ்வளவும் வாசித்ததில் அந்த ஏரியில் காலையில் காற்று எப்படியிருக்கும், எத்தனை மணிக்கு அது மாறும், எந்தப் பக்கம் சதுப்பு என்றெல்லாம் இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? நாளைக்கு வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம் யாராவது, "நாங்கள் ஸ்கொட்லாந்துப் பக்கம் ஒரு ஏரிக்குப் போக இருக்கிறம்" என்று சொன்னால், கையில் இருக்கும் சாப்பாட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்று உங்களை நீங்களே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.