பன்னிரண்டு அங்கிகளும் ஸ்டிக்கர் அண்ணனும்

திருப்பூரில் ஸ்டிக்கர் அண்ணன் அளவுக்கு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட மனிதர் வேறு யாரும் கிடையாது.

நல்லூரில் நான் டெய்லராக இருந்த பனியன் கம்பெனியில் அவர் செக்கிங். பனியனில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். பீஸ் தைத்தவனிடமே திரும்பி வந்துவிடும். மற்ற செக்கிங் ஆட்கள் வேலை முடிந்ததும் ஸ்டிக்கரை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். அதுதான் வினை.

பஸ் சீட்டுக் கிழிசலில் ஒட்டுவார். டீக்கடை கிளாஸின் உடைந்த விளிம்பில் ஒட்டுவார். என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். பாசம் என்று நினைத்தோம். கோட்டுத் தோளில் தையல் விட்டிருந்ததாம். ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை தோளில் சிவப்பு அம்பு. இன்றைக்கும் அண்ணன் பேரை எடுத்தால் மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விடுவார்.

இதைக்கூட மன்னிக்கலாம். அங்கி விஷயத்தை எப்படி மன்னிப்பது?

இருவரும் ஒரே சபை. ஆண்டவர் கொடுத்த தாலந்தை ஆண்டவருக்கே பயன்படுத்துங்கள் என்று ஆயர் ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்தார். நான் பாடினால் பக்கத்து பெஞ்சு காலியாகிவிடும். ஆனால் தைக்கத் தெரியும். பிள்ளைகள் பாடகர் குழுவுக்குக் கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு வெள்ளை அங்கிகள் தைத்துத் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னேன். சபையே கைதட்டியது.

அங்கிகளைப் படைக்கும் நாளில் பீடத்துக்கு முன்னால் வரிசையாகத் தொங்கவிட்டோம். ஆயர் ஜெபிக்கக் கண்ணை மூடச் சொன்னார். ஒருவரைத் தவிர எல்லோரும் மூடினோம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், என் பன்னிரண்டு அங்கிகளுக்கும் அம்மை போட்டிருந்தது. அங்கிக் கைகளை வேறு உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, அங்கேயும் ஒட்டியிருந்தார்.

வாசலில் பிடித்துக்கொண்டேன். “ஏனுங்கண்ணா, இது கோயிலுங்களா, கம்பெனிங்களா?”

“கம்பெனியா இருந்தா நீங்க இப்புடித் தெச்சிருக்க மாட்டீங்களே தம்பி. உள்பக்கம் ஓரத்துக்கு ஓவர்லாக் அடிக்கலீங்க, பிசிறு தொங்குது. வெளிநாட்டுக்காரன் பீஸுன்னா உட்டிருப்பீங்களா?”

“அங்கிக்கு உள்பக்கத்த யாருங்க பாக்கப் போறாங்க?”

அவர் பீடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் சொன்னது சரி என்பதால் எனக்குக் கோபம் இன்னும் தலைக்கேறியது. “ஆண்டவர் உங்களுக்குக் குடுத்த தாலந்து அடுத்தவன் மானத்த வாங்கறதுதானுங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

சண்டைக்கு வருவார் என்று பார்த்தால் குரல் இறங்கிவிட்டது. “எனக்குப் பாட வராதுங்க. நாலு பேரு முன்னால ஜெபம் பண்ணச் சொன்னா நாக்கு ஒட்டிக்குமுங்க. இந்தக் கண்ணு ஒண்ணத்தானுங்க குடுத்தாரு. அதையும் ஞாயித்துக்கெழம மட்டும் மூடி வெச்சுக்கோணுமுங்களா?”

அங்கிகளை வீட்டுக்கு இழுத்து வந்து, திட்டிக்கொண்டே அத்தனையையும் பிரித்துத் தைத்தேன். சனிக்கிழமை கூப்பிடாமலே கத்தரியோடு வந்து நின்றார். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பிசிறாக வெட்டினார். நல்லா இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே? பன்னிரண்டாவதையும் பார்த்து முடித்து ஸ்டிக்கரைப் பைக்குள் வைத்தார், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் அன்று பாட்டு சுமார். அங்கியில் குறை இல்லை.

பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருப்பதால் வருஷா வருஷம் புது அங்கிகள். அண்ணன் இப்போது குண்டடத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கிகளை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அங்கே போய் நிற்கிறேன். என் தலையெழுத்து.

போன வருஷம் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, “அத்தனையும் சரியா இருக்குதுங்க தம்பி” என்றார். பஸ்ஸில் கால் தரையில் படாமல் திரும்பினேன். வீட்டில் விரித்துப் பார்த்தால், ஓர் அங்கியின் கழுத்தில் ஓர் அங்குலத்துக்குத் தையலே இல்லை. அவர் மகளுக்குப் போன் செய்து கேட்டேன். கண் மங்கி ரொம்ப நாளாகிறதாம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாராம். இத்தனை வருஷம் என் உயிரை எடுத்த மனுஷன் என்னிடமே இதை மறைக்கலாமா? ஒரு வாரம் கோபத்தில் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷ அங்கிகள் தயார். பதினொன்றில் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டாவதில், விரல் பட்டாலே தெரியும்படி கழுத்தோரம் ஒரு பிசிறை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.