இடது அக்குளில் மூன்று குழாய்கள்

எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. சேலையூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 4.35க்கு அது உடைந்தது. நேரம் நாட்குறிப்பில் இருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. முனைவர் பட்டம் முடித்த பிறகும் தாம்பரம் பக்கத்தில் ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி. (போஸ்ட்டாக் என்பார்கள். அம்மா "இன்னும் படிக்கிறான்" என்பாள்.) நோயாளிகள் தானமாகத் தந்த குடல் திசுவிலிருந்து கடுகைவிடச் சிறிய குட்டிக் குடல்களை வளர்ப்போம். அவற்றோடு நோய் எதிர்ப்புச் செல்களைச் சேர்த்து, என்ன சண்டை நடக்கிறது என்று பார்ப்போம். அந்தக் குடல்களுக்கு எப்போதும் 37 டிகிரி சூடு வேண்டும்.

அன்று மதியம், அந்தச் சூட்டைக் காக்கும் எங்கள் இன்குபேட்டர் நின்றுபோனது. உள்ளே என் ஐந்து மாத உழைப்பு. கேம்ப் ரோட்டில் வேறோர் ஆய்வகத்து நண்பன் இடம் தருவதாகச் சொன்னான், ஆனால் ஐந்து மணிக்குத்தான் வருவானாம். நாலு மணிக்கு எனக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிச் சோதித்தேன். இருபது நிமிடத்தில் இரண்டு டிகிரி இறங்கியது. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் அதே. அப்போதுதான் ஞானம் பிறந்தது: மனித உடம்பே 37 டிகிரிதானே! குட்டிக் குடல்கள் இருந்த மூன்று சிறு குழாய்களைக் கைக்குட்டையில் சுற்றி இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு அம்மாவோடு ஆட்டோ ஏறினேன். (அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குழாய்கள் வழியிலேயே இறங்கியிருக்கும்.)

பெண்ணின் அப்பா வாசலில் கைகூப்பி, "ஸ்தோத்திரம்" என்றார். நான் ஒற்றைக் கையால் பாதி ஸ்தோத்திரம் சொன்னேன். வலது கைக்குக் கேக் தட்டு வந்தது. காபியை இடது கையால், கோழி றெக்கை மாதிரி முழங்கையை ஒட்டவைத்தபடி வாங்கினேன். பாதி சாஸரில்.

பெண்ணின் பெரியப்பா ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அவர் கண் என் தோளைவிட்டு நகரவில்லை.

"தம்பி, அந்தக் கைல அடிகிடி பட்டிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப ஒரு தடவ மேல தூக்குங்க, பாப்போம்."

"சாரி சார். அஞ்சு மணி வரைக்கும் முடியாது."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நாட்குறிப்பில் நான் எழுதவில்லை.

இனி மறைக்க முடியாது. "அக்குள்ல கொடல் இருக்கு சார்."

பெரியப்பா எழுந்தேவிட்டார். "யாரோட கொடல்?"

"பேரெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க சார்."

பெண்ணின் அப்பா என் கேக் தட்டை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் இன்குபேட்டர், பிளாஸ்க், மூன்று அளவுகள் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அப்போதுதான் பெண் முதல்முறையாகப் பேசினாள். கிரேஸ், மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்பவள்.

"பிளாஸ்க்க மூணு தடவ அளந்தீங்க, சரி. அக்குள அளந்தீங்களா?"

அளக்கவில்லை. மணி 4.35.

உள்ளே போய்த் தெர்மாமீட்டர் கொண்டுவந்தாள். வலது அக்குளில் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"தொண்ணூத்தேழு. செல்சியஸ்ல முப்பத்தாறு சொச்சம். எங்க கம்பெனியா இருந்தா ரிஜெக்ட்."

பெரியப்பா வீடு அதிரச் சிரித்தார். பிறகு அவரே என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் "லெஃப்ட் கை அட்டென்ஷன்!" என்று கத்தியபடி கேம்ப் ரோட்டில் கொண்டுபோய் இறக்கினார். இரண்டு குழாய்களில் இருந்தவை செத்துப்போயின. (சூடு போதாததாலா, ஸ்கூட்டர் குலுங்கியதாலா என்பதில் எங்கள் குடும்பம் இன்றும் இரண்டு கட்சி.) ஒன்று பிழைத்தது. அதை வைத்துத்தான் அந்த ஆராய்ச்சியே முடிந்தது.

எட்டாம் நாள் கிரேஸ் சம்மதம் சொல்லி அனுப்பினாள். "ரிஜெக்ட் பண்ணல. ரீவொர்க்ல போட்டிருக்கேன்." குறையுள்ள பொருளைத் திருத்தி எடுக்க ஒதுக்கும் இடம் அது. இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

அதன்பின் எந்த வீட்டு விசேஷத்திலும் நான் பாத்திரம் தூக்கத் தயங்கினால் போதும், "மாப்ள, மணி அஞ்சு ஆகலையா?" என்று பெரியப்பாவின் குரல் வந்துவிடும்.

போன மாதம் அவருக்கு இடது தோள் இறுகிப்போனது. பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே கையைத் தூக்கச் சொன்ன பெண்ணிடம், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "சாரிம்மா. அஞ்சு மணி வரைக்கும் முடியாது."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 4.50.

காத்திருந்தோம். நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: 5.00, பெரியப்பா, இடது கை, தோள் உயரம் வரை.