மனைவி கொடுத்த காலி நோட்டீஸ்

“முப்பது நாளுக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். எழுதிட்டேன். அடுத்து?” என்றாள் மனைவி.

“வாடகை பாக்கின்னு எழுது,” என்றார் லிஃப்ட் மெக்கானிக். அவள் புருஷன்தான்.

அவருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மேல் பைத்தியம். பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் நின்றது. தினமும் போய்த் தடவிக் கொடுத்துவிட்டு வருவார். கையில் காசில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பு மட்டும் இருந்தது. அறுபது வயதுக்கு முன் அதைத் தொட வேண்டுமென்றால் பெரிய கஷ்டம் வந்திருக்க வேண்டும்: வியாதி, சாவு, இல்லையென்றால் குடியிருக்கும் வீட்டிலிருந்து துரத்தப்படுவது. உடம்போ கல் மாதிரி. சொந்தக்காரர் யாரும் சாகிற மாதிரி தெரியவில்லை. நல்லவேளை, வீடு மனைவி பேரில் இருந்தது; அவள் உரிமையாளர், இவர் வாடகைக்காரர் என்று காகிதத்தில் காட்டிவிடலாம்.

“பணம் வந்ததும் சமையலறைக் கூரையை மாத்திடுவீங்கல்ல?”

“முதல் வேலை அதான்.” பச்சைப் பொய்.

“வேற காரணங்கள்னு ஒரு கட்டம் இருக்கே?”

“சும்மா ஏதாவது போடு.”

ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதில் ஆரம்பித்தாள். மூன்று பக்கம் போனது.

“இவ்வளவும் எப்ப யோசிச்ச?”

“யோசிக்கலைங்க. இருபத்திரண்டு வருஷ மனப்பாடம்.”

நிதி அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மா மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக மெக்கானிக்கைப் பார்த்தார்.

“குறட்டைன்னு போட்டிருக்கே, நிஜமா?”

“நிஜந்தாங்க.”

“கஷ்டம் இருக்கு. யாருக்குங்கிறதுதான் சந்தேகம்.” முத்திரை விழுந்தது.

“எப்பங்க என் கணக்குக்கு வரும்?”

“உங்களுக்கு எதுக்கு வரணும்? விண்ணப்பத்தோட ரெண்டாம் பக்கம் படிக்கலையா? வாடகை பாக்கி நேரா வீட்டு உரிமையாளர் கணக்குக்குப் போயிடும்.”

பணம் வந்த மறுநாள் அவர் வேலை முடிந்து திரும்பினால், சமையலறைக் கூரையில் கொத்தனார். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“விண்ணப்பத்துல ரெண்டாம் பக்கம் நிரப்பினது நான்தானே.”

“அப்ப மோட்டார் சைக்கிள்?”

“அதை வேற யாருக்காவது வித்துக்கங்கன்னு ஒர்க்‌ஷாப்காரர்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன். ஏணியைப் பிடிங்க.”

பிடித்தார். கூரை முடிந்து, ஒழுகலும் நின்றது. ஒரு மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் காலண்டரைப் பார்த்தாள்.

“இன்னையோட முப்பது நாளுங்க. எழுத்துல கொடுத்திருக்கேன், காலி பண்ணுங்க.”

அவர் தட்டை நீட்டினார்.