கார் சீட்டோடு மடியேறிய பாப்பா

என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பிழையும் இருக்கும். அச்சேற்றுகிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையை எங்கள் சொந்தத்தில் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். குற்றவாளியே எழுதிவிடலாமென்று பேனாவை எடுத்தேன்.

பல்லடத்தில் எனக்கு நாலு விசைத்தறி. தங்கச்சி செல்வியின் மகளுக்கு ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி இறக்குவார்கள். அந்த மாமன் நான். சீராக என்ன வேண்டுமென்று கேட்டேன். (தோடு கேட்பாள் என்று நினைத்தேன்.)

"பாப்பாவுக்குக் கார் சீட்டு வாங்கிக் குடுங்கண்ணா. போன வாரம் இவரு பிரேக் அடிச்சதுல மடியில இருந்தவ முன்சீட்டுல போய் மோதிட்டா. இனி சீட்டு இல்லாம நான் கார்ல ஏற மாட்டனுங்க."

கோயமுத்தூர்க் கடையில் விற்பனைக்கு நின்ற பெண், "பாப்பா எத்தனை கிலோங்க?" என்றாள். நூல் மூட்டையென்றால் தூக்காமலே சொல்லுவேன். செல்விக்குப் போன் போட்டுக் கேட்டு, ஒன்பது என்றேன். அதற்கேற்ற சீட்டை எடுத்துவைத்தாள்.

"பாப்பா முகம் காரோட பின்பக்கம் பாக்கற மாதிரி மாட்டோணுங்க. பெல்ட்டு போடறதக் காட்டட்டுங்களா?"

பின்னால் நாலு பேர் காத்து நின்றார்கள். கூச்சம் பிடுங்கித் தின்றது. "நமக்குத் தெரியுங்க," என்றேன். (தெரியாது.)

மொட்டையன்று காலை. நல்ல நேரம் பத்தரை வரைதான். சீட்டைக் காரில் ஆடாமல் மாட்டிவிட்டேன். ஆனால் பாப்பாவின் தோள் வழியாக வரும் இரண்டு பட்டைகளும் நடுப்பூட்டில் விழ மறுத்தன. ஒன்றைச் சொருகினால் மற்றது வெளியே வந்தது. மாப்பிள்ளை ஹாரன் அடிக்கிறார். வாசலில் சொந்தம் முழுக்க நிற்கிறது. "ஆச்சுங்களாண்ணா?" என்று செல்வி மூன்று தரம் கேட்டுவிட்டாள். என் கைக்குத் தெரிந்ததைச் செய்தேன். பட்டை இரண்டையும் நடுப்பூட்டோடு சேர்த்து, அறுந்த இழைக்குப் போடும் தறி முடிச்சைப் போட்டு, மேலே துண்டைப் போர்த்தினேன். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. வழியெல்லாம் பாப்பா துள்ளினாள்.

கோயிலில் செல்வி துண்டை எடுத்தாள்.

"ஏனுங்கண்ணா, இது என்னங்க?"

"முடிச்சம்மா."

"அது தெரியுதுங்க. அவுத்து உடுங்க."

அவிழ்ந்தால்தானே. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். மணி பத்து. முடி இறக்குகிறவர் கத்தியோடு எட்டிப் பார்த்தார். "அறுத்துப்போடட்டுங்களா?"

"அறுத்துப்போட்டா திரும்பி எதுல கூட்டிட்டுப் போறதுங்க?" என்றாள் செல்வி.

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப சீட்டோட தூக்கி மடியில வெச்சுக்கங்க மச்சான்."

அவர் குத்தலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் அது தெய்வ வாக்கு. சீட்டைக் கழற்றி, பாப்பாவோடு தூக்கிப்போய்ச் சம்மணம் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். கால் இரண்டும் மரத்துப்போயின. முன்மண்டை வழவழவென்று ஆனது. பின்மண்டை சீட்டில் சாய்ந்திருந்ததால் அங்கே கத்தி போகவில்லை. பாதி மொட்டையோடு பாப்பா அலற, அவளுக்கு மேலே நான் வியர்த்து வழிய, சொந்தக்காரர்கள் செல்போனில் படமெடுத்தார்கள்.

காது குத்தும் ஆசாரி அப்போதுதான் வந்து சேர்ந்தார். ஊசியை விட்டு நெம்பினார், முடிச்சு அவிழ்ந்தது. பாப்பாவைச் செல்வி தூக்கிக்கொண்டதும், அந்த இரண்டு பட்டை நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டில் அமுக்கினார். டிக்.

"ரெண்டையும் சேத்து அமுக்கோணுங்க. அவ்ளோதான்."

மீதி முடியும் என் மடியிலேயே இறங்கியது. பத்தரைக்கு நாலு நிமிடம் பாக்கி.

அந்தப் பாதி மொட்டைப் படம் இன்றும் செல்வி வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. யார் காரில் நான் ஏறினாலும், "மாமா, பெல்ட்டு மாட்டுனீங்களா, முடிச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள். கேட்பவர்களில் குரல் பெரியது பாப்பாவுக்கு. அவளுக்கு இப்போது நாலு வயது. தன் பெல்ட்டைத் தானே மாட்டுவாள், என்னைத் தொட விடமாட்டாள்.

கரண்ட் இல்லாமல் தறி நின்றுபோன ஆவணி பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை.